மெத்தை, தலையணை, போர்வை: வீட்டிலேயே துவைத்து, உலர்த்திப் பேணும் முறை

துவைத்து மடித்து அலமாரியில் வைத்த படுக்கை விரிப்பை ஒரு வாரம் கழித்து எடுத்து உதறும்போது முக்கல் நாற்றம் அடித்தால், நம்மில் பெரும்பாலோர் சலவைத்தூளைத்தான் குறை சொல்வோம். அடுத்த முறை ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவோம், வாசனைத் திரவத்தையும் சேர்ப்போம். நாற்றம் மட்டும் போகாது. குறை தூளில் இல்லை, விரிப்பு முழுமையாகக் காய்வதற்கு முன்பே மடிக்கப்பட்டதில் இருக்கிறது. படுக்கைப் பொருள்களைப் பேணுவதில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது இதுதான்: அழுக்கு கெடுப்பதைவிட ஈரம் கெடுப்பது அதிகம். எப்படித் துவைப்பது என்று கேட்பவர்கள், எப்படிக் காயவைப்பது என்பதையும் சேர்த்துக் கேட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

இந்த நாற்றத்தின் பின்னால் இருக்கும் ஒரு நுண்ணுயிரியை ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்னும் அந்தப் பாக்டீரியா, துவைத்த துணியிலும் தங்கியிருந்து, துணி மெதுவாகக் காயும் நேரத்தில் பெருகி, அதில் எஞ்சியிருக்கும் வியர்வையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் உண்டு, வாடை வீசும் கொழுப்பு அமிலம் ஒன்றை உண்டாக்குகிறது. ஆகவே அதற்கு உணவு கிடைக்காதபடி நன்றாக அலசுவதும், அதற்கு நேரம் கிடைக்காதபடி விரைவாக உலர்த்துவதும் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் சலவை முழுமை பெறுகிறது.

படுக்கையில் என்ன சேர்கிறது?

உறங்கும் ஒருவர் ஓர் இரவில் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை, தான் அறியாமலே வெளியேற்றுகிறார். வெக்கையான இரவாக இருந்தால் இன்னும் கூடுதலாக. அதில் ஒரு பகுதி காற்றோடு போய்விட, மீதி விரிப்பிலும் தலையணையிலும் மெத்தையிலும் இறங்குகிறது. அதோடு தோலின் எண்ணெய், தலையில் தடவிய எண்ணெய், உமிழ்நீர், உதிர்ந்த தோல் துகள்கள் ஆகியவையும் சேர்கின்றன. இந்தத் தோல் துகள்களை உண்டு வாழ்பவைதான் தூசு உண்ணிகள். சிலந்தியைப் போல எட்டுக் கால்கள் கொண்ட இவை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நீளமுடையவை என்பதால் கண்ணுக்குத் தென்படுவதில்லை. இவை கடிப்பதில்லை. ஆனால் இவற்றின் எச்சத்தில் உள்ள புரதங்கள் பலருக்குத் தும்மலையும், மூக்கடைப்பையும், ஆஸ்துமாத் தொந்தரவையும் தூண்டுகின்றன.

தூசு உண்ணிகள் நீரைக் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலின் வழியே உறிஞ்சிக்கொள்கின்றன. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்து இருந்தால் அவை மெல்ல வற்றி மடிகின்றன. எழுந்தவுடன் போர்வையை இழுத்து மூடிப் படுக்கையை ஒழுங்குபடுத்துவது நல்ல பழக்கம் என்று சிறு வயதிலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது மேல் என்பேன். போர்வையைக் கால்மாட்டில் மடித்துப் போட்டு, சன்னலைத் திறந்து வைத்தால், இரவில் இறங்கிய ஈரம் வெளியேறும். பிறகு விரித்து அழகு பார்க்கலாம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

உடலோடு ஒட்டிக் கிடக்கும் விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை மாற்றித் துவைப்பது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் விட்டால் எண்ணெய்ப் பிசுக்கு நூலிழைகளில் படிந்து, காற்றுப்பட்டு மஞ்சளாகி, பிறகு எந்தத் தூளுக்கும் எளிதில் அசையாது. மேல் விரிப்பு இல்லாமல் நேரடியாகப் போர்த்திக்கொள்ளும் போர்வைகளுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை தவணை கொடுக்கலாம். உறை போட்ட கனத்த பஞ்சுப் போர்வையாக இருந்தால், உறையை அடிக்கடி துவைத்து, உள்ளே இருப்பதை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை துவைத்தால் போதும். மெத்தைப் பாதுகாப்பு உறை இரண்டு மாதத்துக்கு ஒரு முறையும், துவைக்கத்தக்க தலையணை நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் தண்ணீரைப் பார்க்கட்டும். காய்ச்சலில் கிடந்தவர், இரவில் மிகுதியாக வியர்ப்பவர், படுக்கையில் ஏறும் நாய் பூனை, ஒவ்வாமை உள்ளவர் ஆகியோர் இருக்கும் வீட்டில் இந்தத் தவணைகள் எல்லாம் சுருங்கும். படுக்கை ஒன்றுக்கு மூன்று விரிப்புகள் இருந்தால் ஒன்று படுக்கையில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில் என்று சுழற்சி நடக்கும். ஈரம் காயாத விரிப்பை அவசரத்துக்கு எடுத்து விரிக்கும் நிலை வராது.

சீட்டில் உள்ள குறிகள்

துணியின் ஓரத்தில் தைக்கப்பட்டிருக்கும் சிறு சீட்டைக் கத்தரித்து எறிவதற்கு முன் ஒரு முறை படித்துவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டி போன்ற குறிக்குள் இருக்கும் எண், துவைக்கத் தகுந்த அதிகபட்ச வெப்பநிலையைச் செல்சியஸ் அளவில் காட்டுகிறது. எண்ணுக்குப் பதில் ஒரு கை வரையப்பட்டிருந்தால் கையால் மட்டுமே துவைக்க வேண்டும். தொட்டியின் அடியில் கோடு இருந்தால் இயந்திரத்தில் மென்மையான சுழற்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முக்கோணம் பிளீச்சைக் குறிக்கும். சதுரத்துக்குள் வட்டம் உலர்த்தும் இயந்திரத்தைக் குறிக்கும். இஸ்திரிப் பெட்டியின் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 பாகை, இரண்டு இருந்தால் 150, மூன்று இருந்தால் 200 பாகை வரை சூடு தாங்கும் என்று பொருள். எந்தக் குறியின் மீதும் பெருக்கல் அடையாளம் இருந்தால் அந்தச் செயலே கூடாது.

விரிப்பையும் உறையையும் துவைத்தல்

தொட்டியில் போடுவதற்கு முன் விரிப்பை வெளியே கொண்டுபோய் நன்றாக உதற வேண்டும். முடியும் துகளும் நனைந்தபின் துணியோடு ஒட்டிக்கொள்வதால், உலர்ந்திருக்கும்போதே உதிர்ப்பது எளிது. உதறும் கையோடு வெளிச்சத்தில் பிடித்துக் கறை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், ஏனெனில் சில கறைகளுக்கு வெந்நீர் ஆகாது. அதைக் கீழே சொல்கிறேன். உறைகளின் ஜிப்பையும் பொத்தானையும் மூடிப் போடாவிட்டால், மற்ற துணிகளெல்லாம் அந்த வாய்க்குள் புகுந்து சுருண்டு, துவைத்தும் துவைக்காததுமாக வெளியே வரும்.

இயந்திரத்தைத் திணித்து நிரப்புவதுதான் விரிப்புச் சலவையில் நடக்கும் பெருந்தவறு. தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் துணி இருந்தால் அது புரள இடமில்லாமல், அழுக்கும் தூளும் மடிப்புகளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பெரிய விரிப்புகள் கயிறு போல முறுக்கிக்கொள்வதைத் தவிர்க்க, அவற்றைத் தொட்டியின் நடுத்தண்டைச் சுற்றி வளைக்காமல் தளர்வாக, பந்து பந்தாகப் போட வேண்டும். துவாலைகளையும் ஜீன்ஸையும் கூடச் சேர்க்கக் கூடாது. அவற்றின் கனமும் சொரசொரப்பும் மெல்லிய விரிப்பின் இழைகளை உராய்ந்து நூல் உருண்டைகளை எழுப்பிவிடும்.

சலவைத்தூளின் அளவு குறித்து மக்களிடம் உள்ள எண்ணம் பெரும்பாலும் தலைகீழானது. தூள் மிகுந்தால் நுரை மிகும். நுரை மிகுந்தால் துணிகள் ஒன்றோடொன்று உரசுவது குறையும். அலசலில் அது முழுதும் நீங்காமல் துணியில் ஒரு படலமாகத் தங்கும். அந்தப் படலம் புதிய அழுக்கைப் பிடித்துவைக்கும். விரிப்பு விறைப்பாகவோ வழவழப்பாகவோ இருந்தால் அடுத்த முறை தூளே போடாமல் வெறும் வெந்நீரில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். தண்ணீரில் நுரை கிளம்பினால் இத்தனை நாளும் தூள் மிகுந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். கடின நீர் வரும் வீடுகளில் மட்டும் கதை வேறு. அந்த நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத திப்பியாகி, வெள்ளை விரிப்பைச் சாம்பல் நிறமாக்கும். அங்கே சோப்பைவிட டிடர்ஜென்ட் நன்றாக வேலை செய்யும். சிறிது சலவைச் சோடாவைச் சேர்த்தால் இன்னும் பயன் தரும்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை, பருத்தியும் லினனும் 60 பாகை வரை தாங்கும். நிறம் போட்ட பருத்திக்கும் பாலியெஸ்டர் கலந்த துணிக்கும் 40 பாகை போதுமானது. ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் 60 பாகை வெந்நீருக்கு ஒரு தனிப் பயன் உண்டு; அந்தச் சூட்டில் தூசு உண்ணிகள் மடிகின்றன. குளிர்ந்த நீரில் அவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்றாலும், ஒவ்வாமையைத் தூண்டும் அவற்றின் எச்சப் புரதம் நீரில் கரைவதால் குளிர்ந்த நீர்ச் சலவையும் வீண் அல்ல. மூங்கில் துணி என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து செய்த விஸ்கோஸ்தான். பருத்தி நனைந்தால் வலுக்கும், விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும். ஆகவே அதை முறுக்கிப் பிழியாமல், 30 பாகையில் மென்மையாகத் துவைக்க வேண்டும். பட்டு உறைகளுக்கு என்சைம் சேர்த்த சலவைத்தூள் கூடவே கூடாது. புரதக் கறையைத் தின்பதற்காகச் சேர்க்கப்பட்ட அந்த என்சைம், பட்டும் கம்பளியும் புரத இழைகளே என்பதால் அவற்றையும் அரித்துவிடும்.

துணியை மென்மையாக்கும் திரவத்தை நான் படுக்கைத் துணிகளுக்குப் பயன்படுத்துவதில்லை. அது இழைகளின் மேல் ஒரு பூச்சாகப் படிந்து மென்மையைத் தருகிறது என்பது உண்மை; ஆனால் அதே பூச்சு துணி வியர்வையை உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடுகிறது.

கறைகள்

கறை நீக்குவதில் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: கறை புரதமா, எண்ணெயா, தாவரச் சாயமா? இரத்தம், பால், வாந்தி, சிறுநீர் போன்றவற்றை எப்போதும் குளிர்ந்த நீரால் தொடங்க வேண்டும். புரதம் சூடுபட்டால் வெந்த முட்டையைப் போல இறுகி இழையோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அது கறை அல்ல, துணியின் ஒரு பகுதி. புதிய இரத்தக் கறையைத் துணியின் பின்பக்கத்திலிருந்து குழாய் நீர் பாயும்படி பிடித்தால், வந்த வழியே வெளியேறிவிடும். காய்ந்த கறையை, என்சைம் கலந்த சலவைத் திரவம் கரைத்த குளிர்ந்த நீரில் சில மணி நேரம் ஊறவிட வேண்டும். வெள்ளைப் பருத்தியாக இருந்தால் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில துளிகள் விட்டு, நுரைத்து அடங்கியதும் அலசலாம். நிறத் துணியில் அதைப் பயன்படுத்துவதற்கு முன், வெளியே தெரியாத ஓரத்தில் ஒரு துளி விட்டுச் சோதிப்பது அவசியம்.

தலையணை உறையில் மஞ்சள் பாரிப்பதற்கு வியர்வையைக் குறை சொல்கிறோம். பெரும்பங்கு குற்றம் தோல் எண்ணெயுடையது. இதற்குச் சூடு உதவும். பாத்திரம் துலக்கும் திரவத்தைச் சிறிதளவு தடவி விரலால் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, துணி தாங்கும் அளவு சூடான நீரில் துவைத்தால் எண்ணெய் இளகிப் போகும். நாள்பட்ட மஞ்சளுக்கு ஆக்சிஜன் பிளீச் எனப்படும் சோடியம் பெர்கார்பனேட் சிறந்தது. அது வெந்நீரில் கரையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிடுவதால், 40 முதல் 60 பாகைச் சூட்டில் சில மணி நேரம் ஊறவைத்தால்தான் முழுப் பயன் கிடைக்கும். குளிர்ந்த நீரில் போட்டுவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று சலித்துக்கொள்வதில் பொருளில்லை. குளோரின் பிளீச்சை வியர்வைக் கறையின் மேல் ஊற்றுவதோ நேர்மாறான விளைவைத் தரும். அது புரதத்தோடு வினைபுரிந்து மஞ்சளை மேலும் அழுத்தமாக்கும், விளிம்பிலுள்ள எலாஸ்டிக்கையும் அரிக்கும். தேநீர், காப்பி, பழச்சாறு ஆகியவற்றின் கறைக்குச் சோப்புக் கட்டியைத் தேய்க்காமல் டிடர்ஜென்ட்டைப் பயன்படுத்தி, பிறகு அதே ஆக்சிஜன் பிளீச்சில் ஊறவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குளோரின் பிளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியாவோடு கலந்தால் குளோரமின் என்னும் மற்றொரு நச்சு வாயு உண்டாகும். சிறுநீர் நனைந்த விரிப்பின் மேல் பிளீச்சை நேரடியாக ஊற்றினாலும் இதுவே நிகழக்கூடும். ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரையும் ஒரே குப்பியில் கலந்து வைப்பதும் கூடாது. சமையல் சோடாவையும் வினிகரையும் கலப்பது ஆபத்தில்லை, ஆனால் பயனும் இல்லை: இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கண்ணுக்கு வேடிக்கையான நுரையைக் கிளப்பிவிட்டு, ஏறக்குறைய உப்புத் தண்ணீராக முடியும்.

உலர்த்துதல்

சலவை முடிந்த ஓசை கேட்டவுடன் துணியை வெளியே எடுத்துவிட வேண்டும். மூடிய தொட்டிக்குள் ஈரத்தோடு இரவு முழுவதும் கிடந்த விரிப்பை மறுநாள் காயவைப்பதைவிட, மீண்டும் ஒரு முறை அலசிக் காயவைப்பதே நல்லது. கொடியில் போடும்போது விரிப்பை நான்காக மடித்துத் தொங்கவிடுவது இடத்தை மிச்சப்படுத்தும். காயும் நேரத்தையோ பல மடங்காக்கும். இரண்டு இணைக் கொடிகள் இருந்தால், ஒன்றில் ஒரு விளிம்பும் மற்றொன்றில் எதிர் விளிம்பும் படுமாறு தொட்டில் போலத் தொங்கவிட்டால் நடுவே காற்று புகுந்து வேகமாக உலர்த்தும்.

வெள்ளைப் பருத்தியும் லினனும் நல்ல வெயிலில் காயலாம். வெயில் அவற்றை மேலும் வெளுக்கச் செய்யும். நிறத் துணிகளை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட வேண்டும். பட்டு, கம்பளி, நைலான் ஆகியவற்றுக்கு நிழலே உகந்தது. வீட்டுக்குள் காயவைக்க நேர்ந்தால், துணியை விட்டு வெளியேறும் நீர் முழுவதும் அறையின் காற்றில்தான் சேர்கிறது என்பதை நினைவில் கொண்டு, மின்விசிறியையும் திறந்த சன்னலையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். படுக்கையறையிலேயே கொடி கட்டிக் காயவைப்பது, மெத்தைக்கு நீர் வார்ப்பதற்குச் சமம்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க விரிப்பின் நடுப்பகுதியைத் தொட்டுப் பயனில்லை. தையல் மடிப்பையும், எலாஸ்டிக் ஓரத்தையும், உறையின் மூலைகளையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து எடுத்த துணியின் சூடு ஈரத்தை மறைத்துவிடும் என்பதால், பத்து நிமிடம் ஆறவிட்டுத் தொட்டால்தான் உண்மை தெரியும்.

தலையணை

தலையணையில்தான் மக்கள் அதிகம் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2005-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒன்றரை ஆண்டு முதல் இருபது ஆண்டு வரை பயன்படுத்தப்பட்ட பத்துத் தலையணைகளைப் பிரித்து ஆராய்ந்தபோது, அவற்றில் நான்கு முதல் பதினாறு வகைப் பூஞ்சைகள் வரை இருப்பதைக் கண்டார்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்னும் வகையே மிகுந்திருந்தது. நோய் எதிர்ப்புத் திறன் குன்றியவர்களுக்கு அது தீங்கு செய்யக்கூடியது. செயற்கை இழைத் தலையணைகளும் இதற்கு விலக்கல்ல. உறையை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தலையணையைத் துவைக்கலாமா என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாலியெஸ்டர் இழையும் இறகும் துவைக்கத்தக்கவை. தையல் பிரிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்து, பிரிந்திருந்தால் தைத்துவிட்டு, இயந்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடாதிருக்க இரண்டு தலையணைகளாக எதிரெதிரே போட்டு, வழக்கமான அளவில் பாதிச் சலவைத் திரவத்துடன் மென்மையான சுழற்சியில் துவைக்க வேண்டும். இருமுறை அலசி, பிழியும் சுற்றை ஒரு முறை கூடுதலாக ஓட்ட வேண்டும். உலர்த்தும் இயந்திரம் இருந்தால் குறைந்த சூட்டில், சுத்தமான டென்னிஸ் பந்துகள் இரண்டைச் சேர்த்துப் போட்டால், அவை தலையணையை இடித்துக்கொண்டே இருந்து உள்ளிருப்பது கட்டி தட்டாமல் காக்கும். வெயிலில் காயவைப்பதாக இருந்தால், கம்பி வலை போன்ற ஒன்றின் மேல் கிடத்தி, அவ்வப்போது புரட்டிக் கையால் உதிர்த்துவிட வேண்டும். இரண்டு பகலாவது ஆகும்.

முழுவதும் காய்ந்ததா என்று அறிய நான் கையாளும் வழி எளியது. துவைப்பதற்கு முன் தலையணையைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்வேன். காய்ந்தபின் எடை அதே அளவுக்கு வந்தால்தான் உறை போடுவேன். வெளியே தொட்டால் மொடமொடவென்று காய்ந்திருந்த தலையணை, எடையில் நூறு கிராம் கூடுதலாக நின்றதை ஒரு முறை பார்த்த பிறகு இந்தப் பழக்கம் வந்தது. அந்த நூறு கிராமும் உள்ளே தங்கிய தண்ணீர்.

பருத்திப் பஞ்சையும் இலவம் பஞ்சையும் தண்ணீரில் போடக் கூடாது. பருத்திப் பஞ்சு நனைந்தால் கெட்டித்துப்போகும். இலவம் பஞ்சின் இழை உள்ளீடற்ற நுண்குழல். மேலே மெழுகுப் பூச்சும் உண்டு. தண்ணீரை விலக்கும் அந்த மெழுகைச் சோப்பு கெடுத்துவிட்டால், குழல்கள் நசுங்கி, பஞ்சின் உப்பலே போய்விடும். இவற்றை நல்ல வெயிலில் இருபக்கமும் காயவைத்து, தட்டித் தூசி போக்கி, வெளியுறையை மட்டும் துவைக்க வேண்டும். பஞ்சு கட்டிப்போயிருந்தால் பிரித்தெடுத்துக் கையால் கோதி மீண்டும் நிரப்பலாம்.

மெமரி ஃபோம் என்பது விமான இருக்கைகளின் பாதுகாப்பைக் கூட்டுவதற்காக 1966-ஆம் ஆண்டில் நாசாவுக்காக உருவாக்கப்பட்ட பொருள். உடலின் சூட்டில் இளகி வடிவம் கொள்ளும் இந்த நுரைப்பஞ்சு, தண்ணீரைக் குடித்துவிட்டால் எளிதில் விடாது. சீட்டைப் படிக்காமல் நான் ஒன்றை இயந்திரத்தில் போட்டேன். குடித்த நீரின் கனம் தாங்காமல் சுழற்சியிலேயே அது மூன்று துண்டாகக் கிழிந்தது. அந்தத் துண்டுகளும் ஐந்து நாள் வெயிலுக்குப் பிறகும் நடுவில் ஈரமாகவே இருந்தன, ஆறாம் நாள் பூசண வாடை வந்தது. நுரைப்பஞ்சுத் தலையணையில் கறை பட்டால், சலவைத் திரவத்தை நீரில் அடித்து எழுப்பிய நுரையை மட்டும் துணியில் எடுத்து ஒற்றித் துடைத்து, மின்விசிறியின் கீழ் உலர்த்தினால் போதும். இயற்கை ரப்பரான லேட்டெக்ஸுக்கும் இதே விதி. கூடுதலாக அதை வெயிலில் வைக்கவே கூடாது, ஏனெனில் புற ஊதாக் கதிர் பட்டால் அது மஞ்சளாகி, மொறுமொறுத்து உதிரத் தொடங்கும்.

பாலியெஸ்டர் தலையணையை இரண்டாக மடித்துக் கையை எடுத்தால் அது விரிந்தெழ வேண்டும். மடித்தபடியே கிடந்தால், எத்தனை முறை துவைத்தாலும் அதற்கு உயிர் வராது.

மெத்தை

மெத்தையைத் துவைக்க முடியாது என்பதால் அதைக் காப்பதுதான் வழி. நீர் புகாத பாலியூரிதேன் படலம் கொண்ட பாதுகாப்பு உறையை முதல் நாளே போட்டுவிடுவது எல்லாச் செலவையும் மிச்சப்படுத்தும். அந்தப் படலத்துக்கு இஸ்திரியும், பிளீச்சும், மென்மையாக்கும் திரவமும், கடும் சூடும் எதிரிகள்.

மாதம் ஒரு முறை விரிப்புகளை எடுத்துவிட்டு, வேக்குவம் கிளீனரின் சிறு முனையால் மெத்தையின் மேற்பரப்பையும், தையல் பள்ளங்களையும் நிதானமாக இழுக்க வேண்டும். வாடை இருந்தால் சமையல் சோடாவைத் தூவி, சில மணி நேரம் விட்டு உறிஞ்சி எடுக்கலாம். அது அமிலத்தன்மையுள்ள வாடையை ஈர்க்கும் என்பதற்கு மேல் அதனிடம் அற்புதம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். உண்ணிகளை அது கொல்லாது.

குழந்தை சிறுநீர் கழித்துவிட்டால், உடனே காய்ந்த துவாலையை வைத்து உடல் எடையால் அழுத்தி, ஈரத்தை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுக்க வேண்டும். தேய்த்தால் அது ஆழமாக இறங்கும். பிறகு என்சைம் கலந்த நீக்கியைச் சிறிதளவு தெளித்து, அதன் சீட்டில் சொன்ன நேரம் வரை விட்டு, மீண்டும் ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த சிறுநீரில் எஞ்சும் யூரிக் அமிலப் படிகங்கள் வெறும் நீரில் எளிதில் கரைவதில்லை. அதனால்தான் போய்விட்டது என்று நினைத்த வாடை, காற்றில் ஈரம் கூடும் நாளில் திரும்பி வருகிறது. எந்தக் கறைக்கும் மெத்தையின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. நீராவிக் கருவியையும் நுரைப்பஞ்சு மெத்தையில் காட்டாமல் இருப்பது நல்லது. கொல்லும் கிருமியைவிட உள்ளே விட்டுச் செல்லும் ஈரம் பெரிது.

மெத்தைக்கு அடியிலும் காற்று வேண்டும். தரையில் நேரடியாகக் கிடக்கும் மெத்தையின் அடிப்பக்கம், மேலிருந்து இறங்கும் ஈரம் குளிர்ந்த தரையைத் தொட்டு நீராகப் படிவதால், கருப்புப் புள்ளிகளாகப் பூசணம் பூக்கும். தரையில்தான் போட வேண்டும் என்றால் பகலில் சுவரோடு நிமிர்த்தி வைக்க வேண்டும். கட்டிலாக இருந்தால் சட்டங்களுக்கு இடையே இடைவெளி உள்ளதே நல்லது. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டால் ஓரிடத்தில் மட்டும் குழி விழாது. இருபக்கமும் பயன்படுத்தத்தக்க மெத்தையாக இருந்தால் கவிழ்த்தும் போடலாம்.

கனத்த போர்வை, கம்பளி

கனத்த பஞ்சுப் போர்வை உங்கள் இயந்திரத்துக்குள் தளர்வாக அமையாவிட்டால், பெரிய இயந்திரம் உள்ள சலவையகத்துக்குக் கொண்டுபோவதே அறிவுடைமை. கண்ணாடி மணிகள் நிரப்பிய கனப் போர்வையைப் போடுவதற்கு முன், அது நனைந்தால் எவ்வளவு கனக்கும் என்பதையும் இயந்திரத்தின் தாங்கும் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கம்பளி இழையின் மேல் மீன் செதிள் போன்ற அடுக்குகள் உள்ளன. சூடும் அசைவும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, போர்வை பாதியாகச் சுருங்கிக் கெட்டிப்பட்டுவிடும். குளிர்ந்த நீரில், கம்பளிக்கான திரவத்தில், கசக்காமல் அமிழ்த்தி அமிழ்த்தி எடுத்து, துவாலையில் சுருட்டி நீரை ஒற்றி, நிழலில் தட்டையாக விரித்து உலர்த்த வேண்டும். நல்ல கம்பளிக்கு இந்தச் சடங்கு ஆண்டுக்கு ஒரு முறை போதும். மற்ற நாள்களில் காற்றில் விரித்து வைப்பதே அதற்குச் சலவை.

மூட்டைப்பூச்சி வந்துவிட்டால்

சாதாரணச் சலவையை நம்பக் கூடாது. விரிப்பு, உறை, போர்வை அனைத்தையும் அறையிலேயே பைகளில் போட்டுக் கட்டி எடுத்துச் சென்று, 60 பாகை நீரில் துவைத்து, உலர்த்தும் இயந்திரத்தின் உயர்ந்த சூட்டில் அரை மணி நேரமாவது சுழலவிட வேண்டும். சூடு தாங்காத பொருள்களை உறைவிப்பானில் சுழியத்துக்குக் கீழே 18 பாகையில் நான்கு நாள் வைக்கலாம். மெத்தையை முழுதும் மூடும் ஜிப் உறையைப் போட்டால் ஓராண்டுக்குக் கழற்றக் கூடாது; உணவின்றிப் பல மாதம் உயிரோடிருக்கும் பூச்சி அது.

கொசுவலை

பூச்சிக்கொல்லி ஊட்டப்பட்ட நீடித்த பயனுள்ள கொசுவலைகள், தரமுறைப்படி இருபது சலவைகளையும் மூன்றாண்டுப் பயன்பாட்டையும் தாங்கும்படி செய்யப்படுபவை. ஆகவே அவற்றை வாரந்தோறும் துவைப்பது, காசு கொடுத்து வாங்கிய மருந்தைச் சாக்கடையில் ஊற்றுவதாகும். அழுக்கானபோது மட்டும் மென்மையான சோப்பு நீரில், பிளீச் இன்றி, கையால் அலசி நிழலில் காயவைக்க வேண்டும். வெயில் அந்த மருந்தைச் சிதைத்துவிடும்.

எடுத்து வைத்தல்

பயன்படாத காலத்துக்கு எடுத்து வைக்கும் எதுவும் துவைத்து, முற்றிலும் உலர்ந்த நிலையில் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வியர்வைப் பிசுக்கு உள்ள இடத்தைத்தான் அந்துப்பூச்சியின் புழு முதலில் கடிக்கும்; கஞ்சி போட்ட பருத்தித் துணியை இராமபாணப் பூச்சி தேடி வரும், எனவே கஞ்சி போடாமல் வைப்பது நல்லது. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் எஞ்சிய ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பழைய பருத்தி விரிப்பிலோ துணிப் பையிலோ சுற்றி, சுவரைத் தொடாமல் வைக்க வேண்டும். காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பைகள் செயற்கை இழைக்குச் சில மாதங்களுக்கு ஏற்கும். இறகுப் போர்வையும் கம்பளியும் அதில் நெடுங்காலம் இருந்தால் உப்பலை இழக்கும்.

அந்துருண்டையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நாப்தலீனால் ஆன உருண்டையின் ஆவி துணியில் ஊறித் தங்கும். ஜி6பிடி என்னும் என்சைம் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளை அத்தகைய துணியில் போர்த்தினால், இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை உண்டாகலாம். குறைபாடு இருப்பது பல குடும்பங்களுக்கு அதுவரை தெரிந்திருப்பதும் இல்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்துருண்டையை அடியோடு தவிர்ப்பதுதான் சரி. முன்பே உருண்டை போட்டு வைத்த போர்வைகள் இருந்தால், குழந்தைக்கு அவற்றை எடுக்கவே வேண்டாம். பெரியவர்களுக்கு எடுக்கும்போதும் துவைத்து, திறந்த வெளியில் வாடை அறவே நீங்கும் வரை பல நாள் காற்றாட விட்டு, அதன் பிறகே படுக்கையில் விரிக்க வேண்டும்.